நீலாய் தோட்டத்து நிலப்பட்டாவில் ஒளிந்திருக்கும் சுங்க அதிகாரி: யார் இந்த ராபர்ட் டோரன்ஸ்?

நீலாய், லாபு, பத்தாங் பெனார் வட்டாரத்தின் பழைய நிலப்பட்டா ஒன்று கையில் கிடைத்தால், முதலில் கண்ணில் படுவது ஒரு புதிர். பரப்பளவு என்ற கட்டத்தில் 12, 3, 25 என்பதுபோல மூன்று எண்கள் தனித்தனியாக நிற்கும். மேலே ஏ, ஆர், பி என்று மூன்று ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் ஒரு லாட் எண், செத்துல் முக்கிம், சிரம்பான் மாவட்டம்.

இதை 12.325 ஏக்கர் என்று படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் அரை ஏக்கருக்கு மேல் காணாமல் போய்விடும். இன்றைய நீலாயில் அரை ஏக்கர் என்பது ஒரு சின்ன வீட்டு வரிசை.

எண்களுக்கு அப்புறம் வருவோம். அதற்கு முன்னால் அந்தத் தாளைப் பற்றியே ஒரு கேள்வி. ஒரே ஒரு தாள், அதில் ஒரு பெயர், பெயர் இருப்பவரே உரிமையாளர் என்ற இந்த ஏற்பாட்டை யார் கொண்டுவந்தது?

மலேசியாவில் நிலச் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லாருக்கும் முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடும் பெயர் அது: டோரன்ஸ். ஆனால் டோரன்ஸ் வழக்கறிஞர் இல்லை, நில அளவையாளரும் இல்லை. கப்பல் சரக்குக்கு வரி வாங்கிய சுங்க அதிகாரி.

பிறந்த ஆண்டே இரண்டு

ராபர்ட் ரிச்சர்ட் டோரன்ஸ் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர். பிறந்த ஆண்டை சில நூல்கள் 1812 என்கின்றன, சில 1814 என்கின்றன. பதிவேட்டில் இருப்பதே இறுதி என்று உலகத்துக்குச் சொன்ன மனிதருக்கு சொந்தப் பதிவு இப்படி அமைந்தது வேடிக்கைதான்.

அப்பா கர்னல் ராபர்ட் டோரன்ஸ் பெரிய ஆள். கடற்படை வீரர், பொருளாதார அறிஞர், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். தென் ஆஸ்திரேலியா என்ற புதிய குடியேற்றத்தை உருவாக்கிய ஆணையத்தின் தலைவராக இருந்தவர். அடிலெய்ட் நகரின் நடுவே ஓடும் டோரன்ஸ் ஆறு அப்பாவின் பெயரைச் சுமப்பது, மகனுடையது அல்ல. இணையத்தில் தேடினால் இரண்டு பேரையும் கலந்து எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

மகன் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தார். லண்டன் துறைமுகத்தில் சுங்க வேலைக்குச் சேர்ந்தார். 1839-இல் பார்பரா என்ற விதவையை மணந்தார். ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றைத் தேடிப் போன மங்கோ பார்க்கின் உறவுக்காரப் பெண் அவர். அடுத்த ஆண்டு இறுதியில் தம்பதி அடிலெய்டில் வந்து இறங்கினார்கள். அங்கே டோரன்ஸுக்குச் சுங்கத் துறையின் தலைமைப் பொறுப்பு. அப்பாவின் செல்வாக்கு இல்லாமல் அந்த வேலை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அங்கே அவருக்குக் கிடைத்த பெயர் அவ்வளவு நல்ல பெயர் அல்ல. முன்கோபக்காரர், மேலதிகாரிகளோடு மோதுகிறவர், பத்திரிகைகளோடு சண்டை போடுகிறவர். ஆனால் அந்தச் சுங்க அலுவலகத்தில்தான் கப்பல் பதிவேடு இருந்தது. அதுதான் நமக்கு முக்கியம்.

கப்பலை விற்பது சுலபம், நிலத்தை விற்பது ஏன் கஷ்டம்?

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றும் 64 பங்குகளாகக் கணக்கிடப்படும். யாரிடம் எத்தனை பங்கு என்று ஒரு பதிவேட்டில் எழுதியிருக்கும். நான் என் பங்கை உங்களுக்கு விற்றால், பதிவேட்டில் என் பெயர் அடிபட்டு உங்கள் பெயர் ஏறும். அவ்வளவுதான். கப்பலை முதலில் கட்டியவர் யார், அவர் யாரிடம் விற்றார், அந்த விற்பனை செல்லுமா என்று யாரும் தோண்ட வேண்டியதில்லை.

நிலம் அப்படியில்லை. தமிழ்நாட்டில் உறவினர்கள் மனை வாங்குவதைப் பார்த்திருந்தால் இது சட்டென்று புரியும். மூலப்பத்திரம் எங்கே? அதற்கு முந்தைய கிரயப் பத்திரம் எங்கே? 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா? ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுக்க சந்தேகம். அங்கே பதிவு அலுவலகம் பதிவு செய்வது பத்திரத்தைத்தான். உரிமைக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. பட்டா என்பதும் வருவாய்த் துறை ஆவணம்தான். மலேசியத் தமிழில் நாம் 'நிலப்பட்டா' என்று சொல்வதும் தமிழ்நாட்டின் 'பட்டா'வும் ஒரே சொல், ஆனால் சட்டத்தில் ஒன்றல்ல.

1850-களின் அடிலெய்டிலும் இதே தலைவலி. குடியேற்றம் தொடங்கி 20 வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நிலங்கள் கைமாறிக் கைமாறி, பத்திரங்கள் தொலைந்து, உரிமையாளர்கள் பாதிப்பேர் ஊரைவிட்டே போய், குழப்பம் முற்றியிருந்தது. சொந்தக்காரர் என்று நம்பியவர் ஒரு நாள் காலையில் வழக்கில் சிக்குவார். டோரன்ஸுக்கு வேண்டிய ஒருவர் இப்படிச் சொத்தை இழந்ததுதான் அவரை உசுப்பியது என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. வழக்கறிஞர்களுக்கு மட்டும் இதில் கஷ்டமே இல்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் பழைய பத்திரங்களையெல்லாம் திரும்பப் படித்து, திரும்பக் கட்டணம் வாங்கினார்கள்.

ஒரு மாதப் பிரதமர்

1857-இல் தென் ஆஸ்திரேலியாவில் நடந்த தேர்தலில் டோரன்ஸ் நிலப் பதிவுச் சீர்திருத்தத்தையே கோஷமாக வைத்து நின்றார். ஜெயித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் குடியேற்றத்தின் பிரதமராகவும் ஆனார். சரியாக ஒரு மாதம். ஆட்சி கவிழ்ந்தது. ஆனால் அவர் கொண்டுவந்த மசோதா கவிழவில்லை. 1858 ஜனவரி 27-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்தது. டோரன்ஸ் நாடாளுமன்றப் பதவியை விட்டுவிட்டு, தன் சட்டத்தைத் தானே நடத்த தலைமைப் பதிவாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

எல்லாமே அவர் மூளையா? அடிலெய்டில் உல்ரிக் ஹியூபே என்ற ஜெர்மானிய சட்ட அறிஞர் இருந்தார். ஹம்பர்க் நகரில் நிலங்களைப் பதிவேட்டில் வைக்கும் முறை நூற்றாண்டுகளாக உண்டு. அதை டோரன்ஸுக்கு விளக்கியவர் ஹியூபேதான், சட்டத்தின் உயிர்நாடி அங்கிருந்து வந்ததுதான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். கப்பல் பதிவேட்டிலிருந்து வந்தது என்பது டோரன்ஸ் தரப்புக் கதை. இரண்டுமே கலந்திருக்கலாம். ஆனால் எதிர்ப்பைத் தாங்கி அதைச் சட்டமாக்கிய பிடிவாதம் டோரன்ஸுடையது. அந்த முன்கோபம் இங்கேதான் உதவியது.

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. புதிய சட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமலே, உரிமம் பெற்ற நிலத் தரகர் மூலம் விற்பனையை முடித்துக்கொள்ளலாம். வழக்கறிஞர்களின் வயிற்றில் நேராகக் கை வைத்த மாதிரி. பெஞ்சமின் பூத்பி என்ற உச்ச நீதிமன்ற நீதிபதி, இங்கிலாந்து சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி அந்தச் சட்டத்தையே செல்லாது என்றார். தென் ஆஸ்திரேலியாவின் வேறு சட்டங்களையும் அப்படியே தள்ளினார். விவகாரம் லண்டன் வரை போனது. 1865-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், குடியேற்ற நாடுகளின் சட்டங்கள் எப்போது செல்லும் என்பதற்கே ஒரு தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. பூத்பி 1867-இல் பதவி நீக்கப்பட்டார்.

டோரன்ஸ் சட்டம் சொன்னது இதுதான். அரசு ஒரு பதிவேடு வைக்கும். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது நிலத்தின் உண்மை நிலையைக் கண்ணாடிபோலக் காட்டும். அதற்குப் பின்னால் திரை. வாங்குபவர் பழங்கதையைக் கிளற வேண்டாம். இந்த ஏற்பாட்டால் யாராவது தப்பில்லாமல் நிலத்தை இழந்தால் அரசின் ஈட்டு நிதியிலிருந்து பணம் கிடைக்கும். கண்ணாடி, திரை, நிதி. இந்த மூன்றாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. அடிலெய்ட் இருக்கும் மண் கவுர்னா மக்களுடையது. குடியேற்றத்தை நிறுவிய 1836-ஆம் ஆண்டு அரச ஆணையிலேயே பூர்வகுடிகளின் நில உரிமை பாதுகாக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. நிலத்தைக் கூறுபோட்டு விற்றபோது அந்த வரியை யாரும் மதிக்கவில்லை. டோரன்ஸின் பதிவேடு தொடங்கியபோது முதல் பக்கத்திலிருந்தே அவர்கள் அதில் இல்லை. திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டாம் என்ற விதி யாருக்கு வசதி, யாருக்கு நட்டம் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

இங்கிலாந்தில் கிடைக்காத மரியாதை

சட்டம் வேகமாகப் பரவியது. 1861-இல் குவீன்ஸ்லாந்து, 1862-இல் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தாஸ்மானியா, 1870-இல் நியூசிலாந்து. டோரன்ஸ் 1860-களில் இங்கிலாந்து திரும்பினார். 1868 முதல் 1874 வரை கேம்பிரிட்ஜ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். சர் பட்டமும் வந்தது. ஆனால் அவர் முறையை இங்கிலாந்து அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கென்று வேறொரு பதிவு முறையை மெதுவாக வளர்த்தது.

அதே நேரத்தில் அதே நாடாளுமன்றத்தில் இன்னொரு டோரன்ஸும் இருந்தார், வில்லியம் டோரன்ஸ். தொழிலாளர்களின் மோசமான குடியிருப்புகளைச் சீர்செய்ய 1868-இல் வந்த சட்டத்தை 'டோரன்ஸ் சட்டம்' என்பார்கள், அது அவருடையது. நில உரிமைக்கு ஒரு டோரன்ஸ், தொழிலாளர் வீட்டுக்கு வேறொரு டோரன்ஸ். நீலாய் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்து சேர்ந்தது முதலாமவரின் சட்டம் மட்டும்தான்.

ராபர்ட் டோரன்ஸ் 1884 ஆகஸ்ட் 31-இல் ஃபால்மவுத்தில் காலமானார். டெவன் பகுதியின் லியூஸ்டன் கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கம்.

சரி, மலாயாவுக்கு எப்படி வந்தது?

கொண்டுவந்தவர் வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல். மலாய் மொழியும் வழக்கமும் நன்றாகத் தெரிந்த பிரிட்டிஷ் அதிகாரி. 1882-இல் நீரிணைக் குடியேற்றங்களின் நில ஆணையர் ஆனார். டோரன்ஸ் முறையைப் படிக்க ஆஸ்திரேலியாவுக்கே போய் வந்தார். 1889-இல் சிலாங்கூரின் ரெசிடெண்ட் ஆனதும் கையோடு வேலையை ஆரம்பித்தார். சிலாங்கூரில் உரிமைப் பதிவு விதி 1891-இல் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நெகிரி செம்பிலான் உட்பட கூட்டு மலாய் மாநிலங்கள் எல்லாவற்றிலும் அதே முறை. பிறகு 1926-இன் நிலச் சட்டம். கடைசியில் இன்று நாம் வைத்திருக்கும் தேசிய நிலச் சட்டம். 1965-இல் நிறைவேறி, 1966 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது.

காலத்தைக் கவனியுங்கள். பதிவேடு தயாராகி கொஞ்ச வருஷத்தில் ரப்பர் வந்தது. 1900-களின் தொடக்கத்தில் லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனிகள் நெகிரி செம்பிலானில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஏக்கர்களைக் கேட்டன. எங்கோ லண்டனில் உட்கார்ந்திருக்கும் பங்குதாரருக்கு உளுத்துப்போன பத்திரச் சங்கிலி ஒத்துவராது. ஒரே தாள், ஒரே பெயர், அரசின் முத்திரை என்றால் உடனே நம்புவார். டோரன்ஸ் முறை இல்லாமல் ரப்பர் வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

நெகிரி செம்பிலானில் ஒரு சிக்கல் இருந்தது. கோலப்பிலா, ரெம்பாவ் பக்கத்து மலாய்க் குடும்பங்களில் 'அடாட் பெர்ப்பாத்தே' வழக்கப்படி பூர்வீக நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அது தனி ஆளின் சொத்தல்ல, குலத்தின் சொத்து. ஒரு பெயர், ஒரு உரிமையாளர் என்ற பதிவேடு இதை எப்படித் தாங்கும்? 1909-லும் பிறகு 1926-லும் இதற்கென்றே வழக்க நிலச் சட்டங்கள் வந்தன. அப்படிப்பட்ட நிலத்தின் பக்கத்தில் 'வழக்க நிலம்' என்று குறித்து வைத்தார்கள். குறித்தபின் குலத்துக்கு வெளியே விற்க முடியாது. ஆக, தேவைப்பட்டால் பதிவேட்டை வளைக்க முடியும். யாருக்காக வளைத்தார்கள் என்பதே கேள்வி.

தாளை எப்படிப் படிப்பது?

இப்போது அந்த மூன்று எண்களுக்கு வருவோம்.

12 ஏக்கர், 3 ரூட், 25 போல். இந்த 'ரூட்' மரத்தின் வேருமில்லை, பேருந்து போகும் வழியுமில்லை. கால் ஏக்கருக்கு ஆங்கிலேயர் வைத்த பழைய பெயர். 40 போல் சேர்ந்தால் ஒரு ரூட், 4 ரூட் சேர்ந்தால் ஒரு ஏக்கர். அதாவது ஒரு ஏக்கருக்கு 160 போல். நம் எடுத்துக்காட்டில் 3 ரூட் என்பது 0.75 ஏக்கர், 25 போல் என்பது 0.156 ஏக்கர். மொத்தம் 12.906 ஏக்கர், சுமார் 5.22 ஹெக்டர். 12.325 என்று படித்தவர் 25,000 சதுர அடிக்கு மேல் விட்டுவிட்டார். 22-க்கு 75 அடி வரிசை வீட்டு மனையாகப் போட்டால், சாலையைக் கணக்கில் சேர்க்காமல், 15 மனை.

இந்தக் கணக்கின் வேர் ஒரு இரும்புச் சங்கிலி. 17-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. நீளம் 66 அடி, 100 கண்ணிகள். நீளத்தில் 10 சங்கிலி, அகலத்தில் 1 சங்கிலி என்றால் சரியாக ஒரு ஏக்கர். பழைய வரைபடத்தில் 'செயின்', 'லிங்க்' என்று பார்த்தால் இதுதான். ஒரு லிங்க் 7.92 அங்குலம். தமிழ்நாட்டின் நிலவரி அளவையிலும் இதே சங்கிலிதான் ஓடியது. அங்கே மாமா, சித்தப்பா பேசும் 'சென்ட்' ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. அதை 1,000 சதுர லிங்க் என்றும் சொல்லலாம். ஊரில் சென்ட், இங்கே போல், சங்கிலி ஒன்றே. வடக்கே கெடா, பினாங்குப் பக்கம் போனால் 'ரெலோங்' என்று வேறொரு அளவு வரும், சுமார் 0.7 ஏக்கர்.

அடுத்து, தாளின் பெயர். 'கெரான்' என்றால் காலவரையற்ற உரிமை. மலாயில் 'செலாமா-லாமாஞா' என்று எழுதியிருக்கும். 'பஜாக்கான்' என்றால் குத்தகை, 99 ஆண்டுக்கு மேல் போகாது. இவற்றோடு 'முக்கிம்' என்ற சொல் சேர்ந்திருந்தால் மாவட்ட நில அலுவலகம் கொடுத்த உரிமை. இன்றைய சட்டப்படி 4 ஹெக்டருக்கு மேற்படாத கிராமப்புற நிலங்களுக்கு அது. பெரிய தோட்டங்களின் தாள் மாநிலப் பதிவகத்திலிருந்து வரும். பழைய தாளில் 'இ.எம்.ஆர்.' என்று இருந்தால் முக்கிம் பதிவேட்டின் ஒரு பதிவு. சின்ன நிலம் என்பதற்கான அடையாளம். 1895-க்கு முந்தைய ஆவணமாக இருந்தால் மாநிலத்தின் பெயர் நெகிரி செம்பிலான் என்று இல்லாமல் சுங்கை ஊஜோங் என்று இருக்கலாம். அந்த ஆண்டுதான் இரண்டும் இணைந்தன.

'லாட்' எண்ணும் 'பி.டி.' எண்ணும் ஒன்றல்ல. பி.டி. என்றால் அளவை இன்னும் முடியவில்லை, எல்லை தற்காலிகம். அதற்குரிய உரிமைத் தாள் 'எச்.எஸ்.டி.' அல்லது 'எச்.எஸ்.எம்.'. அளவையாளர் எல்லைக்கல் நட்டு, வரைபடம் உறுதியான பிறகுதான் லாட் எண் வரும். பரப்பளவு அப்போது கூடலாம், குறையலாம்.

'க்விட் ரென்ட்' என்பதை வாடகை என்று நினைக்க வேண்டாம், நிலவரிதான். பழைய இங்கிலாந்தில் இந்தப் பணத்தைக் கட்டிவிட்டால் ஜமீன் பிரபுவுக்குச் செய்யவேண்டிய ஊழியத்திலிருந்து விடுதலை. அதனால் அந்தப் பெயர். மலேசியாவில் இதைக் கட்டாமல் விட்டால் கடைசியில் நிலமே அரசிடம் போய்விடலாம்.

'கேவியட்' என்று ஒரு குறிப்பு இருந்தால் நின்று கவனியுங்கள். இந்த நிலத்தில் எனக்கும் ஒரு பாத்தியதை உண்டு, என்னைக் கேட்காமல் மாற்றாதே என்று யாரோ பதிவேட்டில் போட்டுவைத்த தடை. தனியார் கேவியட் 6 ஆண்டுவரை நிற்கும்.

இன்னொரு தாளும் உண்டு, பலரை ஏமாற்றுவது: டி.ஓ.எல்., தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அரசு முத்திரை இருக்கும், பெயர் இருக்கும், வருஷா வருஷம் பணம் கட்டிய ரசீதும் இருக்கும். ஆனால் அது உரிமை இல்லை. டிசம்பர் 31-உடன் முடியும்; புதுப்பித்தால்தான் தொடரும். பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. 40 வருஷம் கட்டியிருந்தாலும் இதே கதைதான்.

அந்தத் தாளில் இல்லாதவர்கள்

ஒரு ரப்பர் தோட்டத்தின் கெரானை எடுத்துப் பாருங்கள். கம்பெனி பெயர் இருக்கும். பரப்பளவு கடைசி போல் வரைக்கும் துல்லியமாக இருக்கும். ரப்பர் மட்டும்தான் நடலாம் என்ற நிபந்தனை இருக்கும். அந்த எல்லைக்குள் இருந்த லயங்கள், கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு, காட்டை வெட்டி மரம் நட்ட மூன்று தலைமுறை, எதுவும் இருக்காது. இதை எழுத்தர் செய்த பிழையாகப் பார்க்க முடியாது. முறையே அப்படி அமைந்தது. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போச்சு என்பது கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஏற்பாடு. பதிவேட்டுக்கு அது சம்பந்தமில்லாத விஷயம்.

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில், ஒரு நிலத்தைப் பல ஆண்டுகள் யாரும் கேட்காமல் அனுபவித்தால் காலப்போக்கில் உரிமை வந்துவிடும். தமிழ்நாட்டு வழக்குகளிலும் அனுபவ பாத்தியதை என்ற பேச்சு அடிக்கடி வரும். மலேசியாவில் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆம் பிரிவுப்படி, பட்டா உள்ள நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் உரிமையாளரின் உரிமை அழியாது. அரசு நிலத்துக்கு 48-ஆம் பிரிவு அதையே சொல்கிறது. ஐந்து வருஷம் இருந்தவரும் ஐம்பது வருஷம் இருந்தவரும் சட்டத்தின் முன் ஒரே வரிசை. கோர்ட்டில் கருணைத் தொகை கேட்கலாம், மாற்று வீடு கேட்டுப் பேசலாம். என் பாட்டன் காலத்து இடம் என்பது மட்டும் வாதமாகாது.

இதன் முழு வலி தெரிந்தது 1950-களின் கடைசியில். வெள்ளைக்கார கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பதிவேட்டைப் பொறுத்தவரை அது சுத்தமான வேலை: ஒரு பக்கம் மூடப்பட்டது, நூறு பக்கங்கள் திறந்தன. தொழிலாளிக்கு வேலை, வீடு, பள்ளி மூன்றும் ஒரே நாளில் போயின.

அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் ஒரு வழி தேடினார்கள். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 100 வெள்ளி பங்கு. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால் வெட்டுகிறவர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவது திட்டம். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கினார்கள். இதில் எனக்குப் பிடித்தது அதன் நடைமுறைப் புத்தி. டோரன்ஸின் விதியோடு அவர்கள் மல்லுக்கு நிற்கவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் மதிப்பு என்றால், கூட்டாகவாவது பெயரை ஏற்றிவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். எல்லாத் தோட்டங்களையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை.

வராமல் போன மூன்றாவது பாகம்

பதிவேட்டில் பெயர் இருந்தாலே பயமில்லை என்றும் சொல்ல முடியாது. கண்ணாடி, திரை, நிதி என்று சொன்னோம் அல்லவா? மலேசியா முதல் இரண்டை எடுத்துக்கொண்டது. ஈட்டு நிதியை எடுத்துக்கொள்ளவில்லை.

விளைவு 2000-ஆம் ஆண்டில் தெரிந்தது. பினாங்கில் நிலம் வைத்திருந்த தாய்லாந்துப் பெண் ஒருவர். யாரோ அவராக நடித்து, கையெழுத்தைப் போலியாகப் போட்டு, நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். வாங்கிய கம்பெனிக்குப் போலி என்று தெரியாது. ஆகவே நிலம் கம்பெனிக்கே என்றது கூட்டரசு நீதிமன்றம். உண்மையான உரிமையாளருக்கு நிலமும் இல்லை, ஈட்டு நிதியும் இல்லை. நாடு முழுக்க நில உரிமையாளர்கள் பதறினார்கள். அந்த விளக்கம் தப்பு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2010 வரை ஆயிற்று. இன்றைய நிலை: போலிப் பத்திரம் மூலம் நேரடியாக வாங்கியவருக்கு உரிமை நிற்காது. ஆனால் அவரிடமிருந்து நல்ல நம்பிக்கையில், விலை கொடுத்து அடுத்து வாங்குபவருக்கு நிற்கலாம். அதனால்தான் குடும்ப நிலம் இருப்பவர்களை அவ்வப்போது நில அலுவலகத்தில் தேடல் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கட்டணம் அதிகமில்லை. உரிமைத் தாளின் எண், லாட் எண், முக்கிம் தெரிந்தால் போதும்.

அப்படித் தேடல் எடுக்கும்போது முந்தைய உரிமைத் தாளின் எண்ணையும் பாருங்கள். நீலாயின் புது வீடமைப்புப் பகுதியில் இருக்கும் ஒரு வரிசை வீட்டின் தாளில்கூட அது இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் பின்னால் போனால் மேம்பாட்டாளர், அதற்கு முன் தோட்டக் கம்பெனி என்று படிப்படியாகப் போகலாம். தாத்தா பாட்டியின் பெயரை மட்டும் அங்கே தேட வேண்டாம். அதற்குப் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் என்ற கட்டம் இருக்கிறது. அங்கே தோட்டத்தின் பெயர் இருக்கும். கம்பெனியின் செக்ரோல் எங்காவது தப்பியிருந்தால், நாள் கூலியோடு சேர்த்து அவர்கள் பெயரும் அதில் இருக்கும்.